எரிச்சல் யார் தலையில் இறங்குகிறது?

1. இரண்டு யோசனைகள்

மனசு சரியில்லை என்று ஒருவர் சொன்னால் சுற்றியிருப்பவர்கள் தரும் யோசனைகள் பெரும்பாலும் இரண்டே வகை. 'உள்ளே வச்சுக்காதே, கொட்டித் தீர்த்துடு' என்பது ஒன்று. 'இதெல்லாம் ஒரு விஷயமா, விட்டுத்தள்ளு' என்பது மற்றொன்று. நேர்முரணான இந்த இரண்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொல்வதும் உண்டு. முதல் யோசனைக்கு மனோதத்துவமும் இரண்டாவதற்கு ஆன்மிகமும் சாட்சிக்கு அழைக்கப்படுகின்றன. வாரப் பத்திரிகைகளின் மனநலப் பக்கங்கள் முதல் நிறுவனங்கள் ஊழியர்களுக்கு நடத்தும் 'ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட்' வகுப்புகள் வரை இந்த இரண்டின் கலவைதான் விநியோகமாகிறது.

இந்த யோசனைகளுக்கு எந்த அளவுக்கு ஆதாரம் இருக்கிறது என்று பார்ப்பது இக்கட்டுரையின் முதல் வேலை. அந்த ஆதாரங்கள் எதைக் கணக்கில் எடுக்காமல் விட்டன என்று கேட்பது இரண்டாவது. என் வாதத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எரிச்சலைக் கொட்டுவதால் அது குறைவதில்லை என்பதற்குச் சான்றுகள் வலுவாக உள்ளன. அடங்கவிடுவதே மேல் என்பதும் ஏறக்குறைய நிறுவப்பட்டதுதான். ஆனால் அடங்குவதற்கு நேரம் வேண்டும், இடம் வேண்டும், அந்த நேரத்தில் வேலையைத் தாங்கிக்கொள்ள இன்னொரு ஆள் வேண்டும். இவை எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. எரிச்சலைத் தனிமனிதரின் மனப்பயிற்சிக் கணக்கில் மட்டும் எழுதும் அறிவுரைகள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

எல்லையையும் குறித்துவிட வேண்டும். இங்கே பேசப்படுவது அன்றாடச் சிடுசிடுப்பு, கடுப்பு, சலிப்பு ஆகியவை. வாரக்கணக்கில் நீங்காத சோர்வும், தூக்கமும் பசியும் கெடுவதும், எதிலும் நாட்டமின்மையும் நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். அது மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம்.

2. சில்லறைத் தொல்லைகளின் எடை

மரபான சிந்தனை பெரிய துயரங்களுக்கே இடம் கொடுத்தது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் வெகுளி பிறப்பதற்கு நான்கு காரணங்களைச் சொல்கிறது: உறுப்பைச் சிதைப்பது, குடிமக்களைத் துன்புறுத்துவது, அடிப்பது, கொல்வது. எல்லாமே போர்க்களத்தின் அளவில் உள்ளவை. சாவியைத் தொலைத்தவனின் கடுப்புக்கு அங்கே இலக்கணம் இல்லை.

நவீன மருத்துவமும் அப்படித்தான் தொடங்கியது. 1967இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் வாழ்க்கை நிகழ்வுகளுக்கு மதிப்பெண் போட்டார்கள். 43 நிகழ்வுகள் கொண்ட அந்தப் பட்டியலில் வாழ்க்கைத்துணையின் மரணத்துக்கு 100, மணமுறிவுக்கு 73, கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு 12. (நம் வீட்டுப் பெண்களைக் கேட்டு தீபாவளிக்கு மதிப்பெண் போட்டிருந்தால் அது 12இல் நின்றிருக்காது.) ஓராண்டில் சேரும் மதிப்பெண் கூடக்கூட நோய்வாய்ப்படும் வாய்ப்பும் கூடும் என்பது அவர்களின் கணிப்பு.

1981இல் ஆலன் கானர், ரிச்சர்ட் லாசரஸ் ஆகியோரும் அவர்களுடன் பணிசெய்தவர்களும் வேறொரு கேள்வியை எழுப்பினார்கள். பெரிய இழப்பு வாழ்க்கையில் சில முறைதான் வருகிறது. சில்லறைத் தொல்லை தினமும் வருகிறது. உடலையும் மனத்தையும் அதிகம் தேய்ப்பது எது? பொருளைத் தொலைப்பது, விலைவாசி, வீட்டுப் பராமரிப்பு, முடிக்க முடியாத அளவுக்கு வேலை என்று 117 தொல்லைகளைப் பட்டியலிட்டு, கலிஃபோர்னியாவில் நடுவயதினர் 100 பேரிடம் மாதாமாதம் கேட்டார்கள். மனநல அறிகுறிகளை முன்னறிவதில் பெரிய நிகழ்வுகளின் மதிப்பெண்ணைவிடச் சில்லறைத் தொல்லைகளின் பட்டியலே மேலாக இருந்தது.

இந்த முடிவு இன்றும் மேடைகளில் சொல்லப்படுகிறது. அதன்மீது வந்த விமர்சனத்தை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. 1984இல் டோரன்வெண்ட் குழுவினர், அந்தப் பட்டியலில் உள்ள பல வரிகள் தொல்லைகளைச் சொல்வதாகவே இல்லை, மன உளைச்சலின் அறிகுறிகளைத்தான் சொல்கின்றன என்று காட்டினார்கள். ஏற்கெனவே உளைச்சலில் இருப்பவர் பட்டியலில் அதிகக் கட்டங்களில் குறியிடுவார். பிறகு அந்தக் குறிகளே அவருடைய உளைச்சலுக்குக் காரணம் என்று சொல்வது வட்டமடிப்பது ஆகாதா? நியாயமான கேள்வி. லாசரஸ் தரப்பின் பதில் அதை முழுக்கத் தீர்த்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

இதைவிட எனக்கு உறுத்துவது இன்னொன்று. அந்த 100 பேரும் பெரும்பாலும் வெள்ளையின நடுத்தர வகுப்பினர். தொல்லைகளின் பட்டியல் அவர்கள் வாழ்க்கைக்குப் பொருந்துவது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, லாரி எப்போது வரும் என்று தெரியாமல் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு, வேலைக்கும் போக முடியாமல் வீட்டுக்கும் திரும்ப முடியாமல் நின்ற பெண்ணின் காலைப்பொழுது எந்தப் பட்டியலில் வரும்? தொல்லை எல்லோருக்கும் உண்டு என்பது உண்மைதான். அதன் விநியோகம் சமமாக இல்லை என்பதும் அதே அளவு உண்மை. அதே 2019இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். அந்த வேலையைச் செய்யும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். செய்யும் ஆண்களே நான்கில் ஒருவர்தான். கேஸ் தீர்ந்துபோவது, மாவு புளித்துப்போவது, பால்காரர் வராமல்போவது எல்லாம் அந்த 299 நிமிடத்துக்குள் நடப்பவை.

நாட்குறிப்பு முறையில் நடந்த ஆய்வுகள் இன்னும் நம்பகமானவை, ஏனெனில் அவை அன்றன்றைக்குக் கேட்கின்றன. 1989இல் நயால் போல்ஜரும் அவருடன் பணிசெய்தவர்களும் 166 தம்பதியரை ஆறு வாரம் தினமும் குறிப்பெழுத வைத்தார்கள். வேலைச்சுமை, போக்குவரத்து, பணமுடை எல்லாவற்றையும்விட மனநிலையை அதிகம் கெடுத்தது இன்னொரு மனிதரோடு ஏற்பட்ட மனத்தாங்கல்தான். மற்றத் தொல்லைகள் தொடர்ந்து வந்தால் இரண்டாம் நாளே பழகிவிடுகின்றன. சண்டை மட்டும் பழகுவதில்லை. பஸ் வராததைவிட, பஸ் வராததால் ஏற்பட்ட எரிச்சலில் வீட்டில் விழும் ஒரு சொல் நாளைக் கெடுக்கிறது. இக்கட்டுரையின் மற்றப் பகுதிகள் இந்த முடிவின்மேல்தான் நிற்கின்றன.

3. கொட்டினால் தீருமா?

கொட்டித் தீர்க்கும் கோட்பாட்டுக்கு மூதாதையாகக் காட்டப்படுபவர் அரிஸ்டாட்டில். அவர் கவிதையியலில் பேசியது துன்பியல் நாடகம் எழுப்பும் இரக்கத்தையும் அச்சத்தையும் பற்றி. அலுவலகக் கடுப்பைப் பற்றி அல்ல. அந்தக் கருத்தை மருத்துவப் பொருளில், உடலிலிருந்து கழிவை வெளியேற்றுவதைப் போல, விளக்கியவர் ஜெர்மன் மொழியியல் அறிஞர் யாகோப் பெர்னேஸ். ஆண்டு 1857. பெர்னேஸின் தம்பி மகளைத்தான் பிறகு சிக்மண்ட் ஃப்ராய்டு மணந்தார். 1895இல் ஃப்ராய்டும் யோசெஃப் ப்ராய்யரும் ஹிஸ்டீரியா பற்றி எழுதிய நூலில், அமுக்கப்பட்ட உணர்ச்சி பேச்சு வழியே வெளியேறினால் நோய் நீங்கும் என்ற கருத்து இடம்பெற்றது.

அந்த நூலின் புகழ்பெற்ற நோயாளி 'அன்னா ஓ.' என்ற புனைபெயரில் வரும் பெர்த்தா பாப்பன்ஹைம். பேசியே குணமானதாக நூல் சொல்லும் அந்தப் பெண், ப்ராய்யரின் சிகிச்சை முடிந்ததும் 1882இல் சுவிட்சர்லாந்தின் மனநல விடுதி ஒன்றில் சேர்க்கப்பட்டிருந்தார் என்பதை 1972இல் ஹென்றி எல்லன்பெர்கர் ஆவணங்களோடு வெளியிட்டார். பாப்பன்ஹைம் பிற்காலத்தில் நன்றாகவே வாழ்ந்தார். 1904இல் ஜெர்மனியில் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவி, பெண்கள் கடத்தப்படுவதை எதிர்த்துப் பல பத்தாண்டுகள் வேலை செய்தார். அவருடைய மீட்சியில் பேச்சின் பங்கு எவ்வளவு, வேலையின் பங்கு எவ்வளவு என்பதை இன்று யாரும் அளந்து சொல்ல முடியாது. ஃப்ராய்டுகூடக் கொட்டுவது போதும் என்ற நிலைப்பாட்டில் நீடிக்கவில்லை. ஆனால் மக்களிடம் தங்கிப்போனது அந்த முதல் வடிவம்தான்: மனம் ஒரு குக்கர், விசில் விடாவிட்டால் வெடித்துவிடும்.

இந்தக் குக்கரைச் சோதித்தவர்களில் முக்கியமானவர் பிராட் புஷ்மன். 2002இல் வெளியான அவருடைய சோதனையில் 600 கல்லூரி மாணவர்கள் பங்கேற்றார்கள். ஒவ்வொருவரும் ஒரு கட்டுரை எழுத, அதை இன்னொரு மாணவர் மிகக் கேவலமாக மதிப்பிட்டதாகத் திருப்பிக் கொடுத்துக் கோபமூட்டினார்கள். பிறகு ஒரு பிரிவினர் அந்த ஆளை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டை மூட்டையைக் குத்தினார்கள். இன்னொரு பிரிவினர் உடற்பயிற்சி என்ற நினைப்பில் குத்தினார்கள். மூன்றாம் பிரிவினர் இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஆளை நினைத்துக் குத்தியவர்களின் கோபமே மிக அதிகமாக இருந்தது. தங்களை அவமதித்ததாக நம்பிய அந்த ஆளுக்கு, வாய்ப்பு வந்தபோது அதிக இரைச்சலைக் காதில் செலுத்தியவர்களும் அவர்களே. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள்தான் வன்மம் குறைவாகக் காட்டினார்கள்.

2024இல் ஸோஃபி க்யேர்விக்கும் புஷ்மனும் 154 ஆய்வுகளை, 10,189 பங்கேற்பாளர்களின் தரவுகளை, ஒன்றாகத் தொகுத்தார்கள். மூச்சுப்பயிற்சி, யோகா, தியானம் என உடலின் பதற்றத்தை இறக்கும் செயல்கள் கோபத்தைக் குறைக்கின்றன. பதற்றத்தை ஏற்றும் செயல்களால் மொத்தத்தில் பயனில்லை. மெல்லோட்டம் கோபத்தைக் கூட்டவே செய்தது. காசு கட்டி உள்ளே போய்ப் பாட்டில்களையும் பழைய டிவியையும் போட்டு உடைக்கும் 'ரேஜ் ரூம்' வியாபாரத்துக்கு இந்த ஆய்வுகளில் ஆதரவு கிடையாது.

இருந்தாலும் இந்தச் சோதனைகளின் வரம்பைக் கவனிக்க வேண்டும். புஷ்மனின் மாணவரை அவமதித்தவர் முன்பின் தெரியாத ஆள்; சோதனை முடிந்தால் உறவும் முடிந்தது. மாமியாரோடு, மேலாளரோடு, பக்கத்துப் போர்ஷன்காரரோடு நமக்குள்ள பிணக்கு நாளைக்கும் தொடரும். இரண்டு நிமிட அமைதி அந்த நிமிடத்தின் கோபத்தைக் குறைக்கலாம். நாளைக் காலை அதே குழாயடியில் அதே ஆளைச் சந்திப்பதற்கு அது விடை ஆகாது.

4. உடம்பின் பங்கு

எரிச்சலுக்கு எப்போதும் ஒரு காரணத்தைத் தேடுவது நம் வழக்கம். பல நேரங்களில் காரணம் உடம்பில் இருக்கிறது. 1986இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பாலைவன நகரமான ஃபீனிக்ஸில், பச்சை விளக்கு விழுந்த பிறகும் நகராத ஒரு காரைச் சிக்னலில் நிறுத்தி, பின்னால் வருபவர்கள் எவ்வளவு ஹார்ன் அடிக்கிறார்கள் என்று கென்ரிக், மேக்ஃபார்லேன் இருவரும் கணக்கெடுத்தார்கள். வெயில் ஏற ஏற ஹார்ன் சத்தமும் ஏறியது. அதிலும் கண்ணாடியை இறக்கிவிட்டு, அதாவது ஏசி இல்லாமல், ஓட்டியவர்களிடம் இந்தத் தொடர்பு வலுவாக இருந்தது. கத்திரி வெயிலில் சென்னையின் கத்திப்பாரா சந்திப்பைக் கடந்தவர்களுக்கு இதில் புதுச் செய்தி எதுவும் இல்லை. ஆனால் கண்ணாடி பற்றிய அந்தச் சிறு விவரம் முக்கியம்: ஒரே வெயில், ஒரே சிக்னல், இரண்டு வகைப் பொறுமை. பொறுமை குணநலனாகத் தெரிகிறது. பாதிக்குப் பாதி அது குளிரூட்டப்பட்டது.

மனநிலை ஆய்வாளர் ராபர்ட் தேயர் இதைப் பொழுதோடு இணைத்துப் பார்த்தார். ஒருவரின் அதே சொந்தப் பிரச்சினையைக் காலையிலும் பிற்பகலின் கடைசியிலும் மதிப்பிடச் சொன்னால், களைத்த நேரத்தில் அது பெரிதாகத் தெரிகிறது. சற்று வேகமாக நடந்துவிட்டு வந்தபின் சிறிதாகிறது. பத்து நிமிட நடையையும் ஒரு சாக்லேட் பாரையும் அவர் 1987இல் ஒப்பிட்டபோது, இனிப்பு சிறிது நேரம் தெம்பூட்டிவிட்டுப் பிறகு பதற்றத்தைக் கூட்டியது. நடை தந்த தெம்பு நீடித்தது.

மெல்லோட்டம் கோபத்தைக் கூட்டுகிறது, நடை மனநிலையைத் தேற்றுகிறது என்ற இரண்டும் மோதுவதாகத் தோன்றலாம். இரண்டும் வேறு வேறு நிலைகள் என்றே நான் நினைக்கிறேன். கொதித்துக்கொண்டிருப்பவருக்கு இதயத் துடிப்பு இறங்க வேண்டும். சோர்ந்து கசந்துபோனவருக்குச் சற்று ஏற வேண்டும். 'மூட் சரியில்லை' என்ற ஒரே சொற்றொடருக்குள் இரண்டும் அடைபட்டிருப்பதால் ஒருவருக்கு உதவிய வழி இன்னொருவரைக் கெடுக்கிறது. மாலை ஆறு மணிக்குப் பெரிய குடும்பப் பேச்சுகளைத் தொடங்காதிருப்பது எந்தத் தியான வகுப்புக்கும் குறையாத பலனைத் தரும் என்பது என் எண்ணம். ஆனால் நம் வீடுகளில் எல்லோரும் ஒன்றுசேர்வதே அந்த நேரத்தில்தான்.

5. புலம்பலின் கணக்கு

கத்துவது வேறு, சொல்லி ஆற்றிக்கொள்வது வேறு அல்லவா? மூட்டையைக் குத்தியவர்களை வைத்துத் தோழியிடம் புலம்புபவரை மதிப்பிடலாமா என்ற ஆட்சேபம் சரியானது.

பெல்ஜிய உளவியலாளர் பெர்னார் ரிமே பல ஆண்டுகளாக இதையே ஆராய்ந்தார். உணர்ச்சியைக் கிளறிய நிகழ்வை மக்கள் பெரும்பாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிடுகிறார்கள். சொன்னால் ஆறும் என்று ஏறக்குறைய எல்லோரும் நம்புகிறார்கள். ஆனால் சொன்னவர்களின் உணர்ச்சி, சொல்லாதவர்களைவிட வேகமாகத் தணிந்ததற்கு அவருடைய ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. சொல்வதால் நெருக்கம் கூடுகிறது, தான் தனியாக இல்லை என்ற எண்ணம் வருகிறது. காயம் அப்படியே இருக்கிறது. 2002இல் அமாண்டா ரோஸ் பள்ளி மாணவர்களிடம் இதன் மறுபக்கத்தைக் கண்டார். பிரச்சினைகளைத் திரும்பத் திரும்பப் பேசிக்கொள்ளும் தோழிகளின் நட்பு இறுகுகிறது, கூடவே பதற்றமும் சோர்வும் கூடுகின்றன.

உள்ளுக்குள்ளேயே அசைபோடுவதும் மேலானதல்ல. 1989 அக்டோபரில் கலிஃபோர்னியாவை உலுக்கிய நிலநடுக்கத்துக்கு இரண்டு வாரம் முன்பு, சூசன் நோலன்-ஹோக்ஸெமா தற்செயலாக ஸ்டான்ஃபோர்டு மாணவர்களிடம் அவர்களின் அசைபோடும் பழக்கம் பற்றிக் கேட்டு வைத்திருந்தார். நிலநடுக்கத்துக்குப் பிறகு அதிகச் சோர்வுக்கு ஆளானவர்கள் முன்பே அந்தப் பழக்கம் உள்ளவர்களே. பேச்சோ மௌனமோ, ஒரே தடத்தில் சுற்றினால் தடம் ஆழமாகிறது.

அப்படியென்றால் சொல்வது எப்போது உதவுகிறது? கேட்பவர் கதையின் கோணத்தை மாற்றும்போது உதவுகிறது. 'அவன் எப்பவுமே அப்படித்தான், நீ ஏன் பொறுத்துக்கிறே' என்ற பதில் கதையை அதே கோணத்தில் இறுக்குகிறது. 'அன்னைக்கு அவங்க வீட்ல என்ன நடந்துதாம்?' என்ற ஒரு கேள்வி அதைத் தளர்த்துகிறது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் தொடங்கிவைத்த எழுத்துப் பயிற்சியும் இதற்குத் துணைநிற்கிறது. நான்கு நாள், தினம் 15 நிமிடம், மனத்தை உலுக்கிய அனுபவத்தை எழுதிய மாணவர்கள் எழுதி முடித்த கையோடு முன்னைவிட வருத்தமாகத்தான் இருந்தார்கள். அடுத்துவந்த மாதங்களில் அவர்கள் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. எழுதும்போது நிகழ்வுக்கு ஒரு வரிசை கிடைக்கிறது, காரணம் தட்டுப்படுகிறது. கொட்டுவதில் இது நடப்பதில்லை.

தமிழ்ச் சமூகத்தில் இதற்கு ஒரு சான்று உண்டு. ஒப்பாரி பாடும் பெண்களைப் பற்றி இசபெல் கிளார்க்-டெசெ 2005இல் வெளியிட்ட நூல், அவர்கள் இறந்தவருக்காக மட்டும் அழுவதில்லை, தம் பிறந்தகமும் புகுந்தகமும் தமக்கு இழைத்தவற்றையும் சேர்த்தே பாடுகிறார்கள் என்று காட்டுகிறது. துக்க வீட்டில் கூடி உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு பாடும்போது, வேறெங்கும் சொல்ல முடியாத குறை, கேட்டே ஆக வேண்டியவர்கள் காதில் விழுகிறது. அண்ணன் அங்கேதான் நின்றுகொண்டிருப்பான். பாட்டு என்பதால் அவன் பதில் பேச முடியாது. தோழியின் காதில் ஓதும் புலம்பலிலிருந்து இது வேறுபடுவது இந்த இடத்தில்: இதற்கு ஒரு வடிவம் உண்டு, முடிவு உண்டு, சரியான கேட்பாளரும் உண்டு. வாட்ஸ்அப்பில் பத்து நிமிட வாய்ஸ் மெசேஜாக வரும் புலம்பலுக்கு இம்மூன்றும் கிடையாது. ஒப்பாரியைப் பொற்காலமாக்கும் நோக்கம் எனக்கு இல்லை. ஒரு பெண் தன் குறையைச் சொல்ல யாரோ சாக வேண்டியிருந்தது என்பதும் அதே சான்றில் இருக்கிறது.

6. அமைதியை யார் தருகிறார்கள்?

இனி அடங்கவிடுதல் என்ற யோசனைக்கு வருவோம். ரெனா ரெபெட்டி விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களை ஆராய்ந்து 1989இல் வெளியிட்ட முடிவுகள் இதற்கு நல்ல ஆதாரம். ஆகாயத்தில் நெரிசல் அதிகமான நாட்களில் அவர்கள் வீட்டுக்கு வந்து ஒதுங்கி உட்கார்ந்தார்கள். துணைவர் அதைப் புரிந்துகொண்டு விட்டுக்கொடுத்த வீடுகளில், அன்றைக்குக் கோபம் குறைவாகவே வெளிப்பட்டது. கொட்டாமலும் தத்துவம் பேசாமலும் அரை மணிநேரம் தனியே விடப்பட்டாலே பெரும்பாலான எரிச்சல் தானே வடிந்துவிடுகிறது.

நமக்கும் இது தெரியும். வேலையிலிருந்து வந்த ஆண் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்கிறான். 'அப்பா இப்பதான் வந்திருக்கார், சத்தம் போடாதீங்க' என்று பிள்ளைகள் அடக்கப்படுகிறார்கள். காபி வருகிறது. ரெபெட்டியின் ஆய்வு சொல்லும் விலகலும் ஆதரவும் இதுதான். காபி போட்டவரும் அதே ஆறரை மணி பஸ்ஸில் வந்திருக்கலாம். அவர் ஒதுங்கி உட்கார்வதற்கு யார் பிள்ளைகளை அடக்குவார்கள்? ஒருவரின் அரை மணிநேர அமைதி இன்னொருவரின் அரை மணிநேர வேலையில் விளைகிறது. தியானச் செயலிகள் விற்கும் பத்து நிமிட அமைதிக்கும் இந்த உற்பத்திச் செலவு உண்டு; அதன் விலைப்பட்டியலில் அது வருவதில்லை.

அடங்க இடமில்லாதபோது எரிச்சல் எங்கே போகிறது? 1939இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் டொலார்டும் அவருடைய சகாக்களும், தடைபட்டவன் தாக்குவான், தடுத்தவனைத் தாக்க முடியாவிட்டால் வேறொருவனைத் தாக்குவான் என்றார்கள். எல்லா ஏமாற்றமும் தாக்குதலில் முடியும் என்ற அவர்களுடைய முதல் கூற்று பின்னர் தளர்த்தப்பட்டது. இடம்மாறிய தாக்குதல் மட்டும் தொடர்ந்த சோதனைகளில் நின்றது. எய்தவன் இருக்க அம்பை நோவது என்று நம் பழமொழி சொல்வதும் இதைத்தான்.

ஒரு சான்றிதழுக்காக அரசுச் சேவை மையத்தில் நிற்பவரைப் பாருங்கள். 'சர்வர் டவுன், நாளைக்கு வாங்க' என்கிறார் கணினி முன்னால் இருக்கும் பெண். சர்வர் எங்கோ இருக்கிறது. அதை வாங்கியவர், பராமரிக்க ஒப்பந்தம் போட்டவர் எவரும் அங்கே இல்லை. அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவரின் கோபம் ஒப்பந்த ஊதியத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்மேல் இறங்குகிறது. அவர் அதை வாங்கிக்கொண்டு மாலையில் வீட்டுக்குப் போகிறார். வீட்டில் கணக்குப் பாடத்தில் தடுமாறும் எட்டு வயதுப் பையன் இருக்கிறான். இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் தனக்கு மேலே உள்ளதைத் தொட முடியாமல் கீழே உள்ளதைத் தொடுகிறது.

வெகுளாமை அதிகாரத்தை வள்ளுவர் தொடங்கும் இடத்தை இங்கே நினைவுகூரலாம். தன் கோபம் பலிக்கும் இடத்தில், அதாவது எதிர்த்துப் பேச முடியாதவரிடம், அதை அடக்குவதை மட்டுமே முதல் குறள் அடக்கமாக ஏற்கிறது. மேலதிகாரியிடம் வாயை மூடிக்கொள்வதை அது ஒரு பண்பாகவே கணக்கில் வைக்கவில்லை. கோபத்தின் அளவைப் பற்றிப் பேசும் நவீன ஆய்வுகள் பல, இந்தத் திசைக் கணக்கைத் தவறவிட்டுவிடுகின்றன. ஆய்வுக்கூடத்தில் பங்கேற்பாளர்கள் எல்லோரும் மாணவர்கள், எல்லோரும் சமம். வீட்டில், கடையில், அலுவலகத்தில் யாரும் யாருக்கும் சமமாக நிற்பதில்லை.

7. சொல்ல வேண்டிய இடம்

அடங்குவதை மட்டும் போதித்தால் அது அநியாயத்துக்குத் துணைபோகும் என்ற அச்சம் பொருளற்றதல்ல. சினத்தைத் தணிக்க வேண்டும் என்று ஔவையின் ஆத்திசூடி சொல்ல, பாரதியின் புதிய ஆத்திசூடி அதற்கு நேர்மாறாகச் சொல்வது அடிமைப்பட்ட நாட்டின் குரல். ஜேம்ஸ் அவெரில் 1980களின் தொடக்கத்தில் சாதாரண மனிதர்களின் அன்றாடக் கோபங்களைத் தொகுத்தபோது, கோபம் பெரும்பாலும் நெருக்கமானவர்கள்மீதே எழுவதையும், எதிராளியின் நடத்தையை மாற்றுவதே அதன் முக்கிய நோக்கமாக இருப்பதையும் கண்டார். கோபத்துக்கு ஆளானவர்களிலேயே பெரும்பான்மையோர், அதனால் கடைசியில் நன்மைதான் விளைந்தது என்றார்கள். கோபம் மாற்றக்கூடியவரின் முன்னால், அவர் கேட்கும் வடிவத்தில் வைக்கப்படும்போது அது பேச்சுவார்த்தையாகிறது. திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகங்களில் நடக்கும் மக்கள் குறைதீர் நாளில் மனுவோடு வரிசையில் நிற்பவர்கள் இந்த வித்தியாசத்தை அறிந்தவர்கள். மனு என்பது எரிச்சல் ஆறியபின் எழுதப்படுவது. எழுதத் தெரியாதவருக்கு வாசலில் உட்கார்ந்து எழுதித் தருபவர், திட்டுகளை நீக்கிவிட்டுத் தேதிகளைச் சேர்க்கிறார்.

ஜவுளிக்கடை ஒன்றின் சேலைப் பிரிவை இதற்கு ஓர் உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். காலையில் நின்ற இடத்தில் இரவு வரை நிற்க வேண்டும். ஒரு குடும்பம் வருகிறது. 'அந்த மாம்பழக் கலரை எடும்மா', 'பார்டர் இன்னும் சின்னதா', 'இதுவே சில்க் காட்டன்ல இருக்கா' என்று இருபது சேலைகள் பிரிகின்றன. 'அடுத்த கடையையும் பார்த்துட்டு வர்றோம்' என்று எழுந்துபோகிறார்கள். இருபதையும் மடிப்புக் கலையாமல் மடித்து அடுக்க வேண்டும். அதற்குள் அடுத்த குடும்பம். 'வாங்கக்கா, என்ன பார்க்கறீங்க' என்ற வரவேற்பில் முந்தைய குடும்பத்தின் சாயல் தெரியக் கூடாது. விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983இல் ஆர்லி ஹாக்‌ஷீல்டு எழுதிய நூல், இப்படி உணர்ச்சியைத் தயாரித்து விற்பதையும் உழைப்பாகக் கணக்கிட வேண்டும் என்று வாதிட்டது. ஜவுளிக்கடை ஊழியர்களைப் பற்றிய அங்காடித் தெரு படம் 2010இல் வந்தபோது, சென்னை ரங்கநாதன் தெருவில் துணி எடுத்துப் பழகிய பலர் கவுண்டருக்கு அந்தப் பக்கத்தை முதன்முறையாகப் பார்த்தார்கள்.

அந்தப் பெண்ணின் சிடுசிடுப்புக்கு என்ன மருந்து? மூச்சுப்பயிற்சி என்று 154 ஆய்வுகளின் தொகுப்பு சொல்லும், அதில் தவறில்லை. கால் வீங்கி, இடுப்பு விட்டுப்போன ஒருவருக்கு ஒரு ஸ்டூல் என்று கோழிக்கோட்டின் கடை ஊழியர்கள் சொன்னார்கள். அங்கே விஜியின் தலைமையில் இயங்கிய பெண்கூட்டு அமைப்பு, உட்காரும் உரிமைக்கும் கழிப்பறைக்கும் ஆண்டுக்கணக்கில் போராடியது. 2018இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021இல் தன்னுடைய 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, ஊழியர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்றது. நாள் முழுக்க நின்றே வேலை செய்வதால் வரும் உடல்நலக் கேடுகளை அரசு காரணமாகச் சொன்னது. மனநிலையைப் பற்றி அது ஒன்றும் பேசவில்லை. இருந்தும், அன்றாட எரிச்சலைக் குறைக்க அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட நடவடிக்கைகளில் இதைவிடப் பொருத்தமான ஒன்றை என்னால் சுட்ட முடியவில்லை.

சட்டத்தின் வேலை அங்கே முடிந்துவிடுவதில்லை. இருக்கை போடப்பட்டிருக்கிறதா என்று தொழிலாளர் துறை ஆய்வாளர் எண்ணிப் பார்த்துவிட்டுப் போகலாம். வாடிக்கையாளர் இல்லாத ஐந்து நிமிடத்தில் அதில் உட்கார்ந்த பெண்ணை மாடி மேற்பார்வையாளர் எப்படிப் பார்க்கிறார் என்பது அவருடைய படிவத்தில் வராது. அந்த மேற்பார்வையாளருக்கும் மாத இலக்கு உண்டு. அவருக்கு மேலேயும் கேமரா இருக்கிறது.